நஷ்டத்தில் பாதி

எர்மெக்கின் கடை விழுந்த அன்று புருல் தன் கிடங்கில் எல்லோருக்கும் கறி வைத்த சம்சா வாங்கிக் கொடுத்தாள். எதற்கு என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. காலையிலிருந்தே ஆளாளுக்குப் போனில் அவன் கடையின் பக்கத்தைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆடைகளின் படங்கள் இருந்த இடத்தில் வெறும் வெள்ளைத் திரை. நடுவில், இத்தனை வருடம் உடன் இருந்ததற்கு நன்றி என்று ஒரே ஒரு வரி.

ஆறு வருடமாகக் காலையில் கண் விழித்ததும் புருல் முதலில் திறப்பது அந்தப் பக்கத்தைத்தான். செத்துவிட்டதா என்று பார்ப்பாள். செத்திருக்காது. புது வரவு போட்டிருப்பான், புதுத் தள்ளுபடி போட்டிருப்பான். அதைப் பார்த்து வயிறு எரிந்த பிறகுதான் தேநீருக்குத் தண்ணீர் வைப்பாள்.

எர்மெக் அவளுடைய முன்னாள் கணவன். இணையத்தில் துணி விற்கும் யோசனை இருவருக்கும் ஒரே கட்டிலில் வந்தது. பிஷ்கெக்கில் தெருவுக்குத் தெரு தையல் பட்டறை. அங்கே தைப்பதை வாங்கி, படம் எடுத்துப் போட்டு, வீட்டு வாசலில் கொண்டுபோய்க் கொடுத்தால் போதும் என்று நினைத்தார்கள். ஒற்றை அறை வீட்டில் ஆடை மூட்டைகள் ஏறி, படுக்க இடம் இல்லாமல் போனபோதுகூடச் சண்டை வரவில்லை. சண்டை வந்தது ஒரே ஒரு கேள்வியில். ஆர்டர் கொடுத்தவளுக்கு, ஆடையைப் போட்டுப் பார்க்க எவ்வளவு நேரம் கொடுப்பது?

புருல் சொன்னது கால் மணி நேரம். டெலிவரி ஆள் வாசலில் நிற்பான். போட்டுப் பார், பிடித்தால் பணம் கொடு, பிடிக்காவிட்டால் கையோடு திருப்பிக் கொடு. எர்மெக் சொன்னது மூன்று நாள். மாமியாரிடம் காட்டாமல், நாத்தனாரின் முகத்தைப் பார்க்காமல் இந்த ஊரில் எவள் ஆடை வாங்குவாள் என்பது அவன் கட்சி. அங்கே ஆரம்பித்த பேச்சு, யார் அம்மா யாரை என்ன சொன்னாள் என்பது வரைக்கும் போய், நீதிமன்றத்தில் முடிந்தது. அவன் 'உச்சார்' என்று ஒரு கடை போட்டான். இவள் 'அக்தெரெக்' என்று ஒன்று போட்டாள். வெள்ளைப் பாப்லர் மரம் என்று அர்த்தம். விலை அட்டைகூடப் பாப்லர் இலை வடிவத்தில் வெட்டியது. பச்சை அட்டை, வெள்ளை நூல்.

இருவருமே ஒரு வருடம்கூட லாபம் பார்த்ததில்லை. அவனுக்கு மாஸ்கோவில் யாரோ பணம் போட்டார்கள், இவளுக்கு அல்மாட்டியில். போட்ட பணம் பெட்ரோலாகவும் தள்ளுபடியாகவும் தெருவில் கரைந்தது. ஏன் இன்னும் லாபம் வரவில்லை என்று யார் கேட்டாலும் புருலிடம் ஒரே பதில்தான் இருந்தது. இரண்டு பேர் இருக்கும்வரை இரண்டு பேருக்கும் நஷ்டம். ஒருவர் போகட்டும், மிஞ்சுகிறவருக்கு ஊர் மொத்தமும். அல்மாட்டிக்காரர்களிடம் சொன்னாள், வங்கியில் சொன்னாள், சம்பளம் தாமதமானபோது பொட்டலம் கட்டும் பெண்களிடம் சொன்னாள். தூக்கம் வராத சமயங்களில் தனக்கே சொல்லிக்கொண்டாள்.

அந்த வருடம் வசந்தத்தில் அல்மாட்டிக்காரர்கள் பொறுமை இழந்தார்கள். அவர்கள் சார்பில் பேசுகிறவன் சுங்கத். புருலைவிட இளையவன், மரியாதையானவன், கத்தியை உறையோடு மேஜை மேல் வைப்பது போலப் பேசுகிறவன். இலையுதிர்காலம் முழுக்கக் கல்யாணப் பருவம். பனி விழுவதற்குள் கடை லாபம் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் மூடிவிடலாம் என்றான். புருலுக்கு அந்தக் கடையைத் தவிர எடுத்துக் காட்ட வேறு எதுவும் கிடையாது. கல்யாணம் போயிற்று. படிப்பைப் பாதியில் விட்டாயிற்று. கடையும் போனால், ஆறு வருடம் ஊரெல்லாம் சொல்லித் திரிந்த அந்த ஒரு வாக்கியமும் பொய்யாகிவிடும்.

ஆகவே சம்சா.

மறுநாள் எர்மெக்கே கிடங்குக்கு வந்தான். ஆடை மாட்டும் கம்பிச் சட்டங்களையும் ஆவி இஸ்திரிகளையும் விற்க வேண்டுமாம். விழுந்தவன் முகமாக அது இல்லை. நாள் கணக்கில் தூங்கி எழுந்தவன் போலத் தெளிவாக இருந்தான். அதுவே அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

"சம்சா மிச்சம் இருக்கா, இல்ல எல்லாத்தையும் தின்னு தீர்த்துட்டீங்களா?"

"உன் சாவுக்குப் போட்டது. அதை நீயே தின்னா நல்லாவா இருக்கும்?"

அவன் ஒன்றை எடுத்துத் தின்றான். ஆறிப்போயிருந்தது. சட்டங்களுக்கு விலை பேசினார்கள். அவள் அநியாயமாகக் குறைத்துக் கேட்டாள், அவன் சரி என்று தலையாட்டினான். பேரம் பேசாத எர்மெக்கை அவள் பார்த்ததே இல்லை. போகும்போது கதவருகே நின்றான்.

"ஒண்ணு சொல்றேன். நீ கேக்க மாட்டே, இருந்தாலும் சொல்றேன். சட்டத்தை எடுத்துக்க, இஸ்திரியை எடுத்துக்க. என் வாடிக்கைக்காரிங்களை மட்டும் எடுத்துக்காதே."

"பொறாமை."

"இருக்கலாம்," என்றான். போய்விட்டான்.

பொறாமைதான் என்று புருல் முடிவு கட்டினாள். பொறாமைப்படுகிறவன் இவ்வளவு சாவகாசமாக நடந்து போவானா என்ற கேள்வியை அவள் கேட்டுக்கொள்ளவில்லை.

அந்த வாரமே சுங்கத் திரையில் தோன்றினான். பின்னால் அல்மாட்டியின் கண்ணாடிக் கட்டடம், கையில் ஏதோ பச்சைச் சாறு. உச்சாரின் வாடிக்கைக்காரிகள் இப்போது வீடில்லாதவர்கள், வேறு எவனாவது கூரை போடுவதற்குள் நாம் போட்டுவிட வேண்டும் என்றான். அவர்கள் மூன்று நாளுக்குப் பழகியவர்கள், நாமும் மூன்று நாள் கொடுப்போம். பருவம் முடியட்டும், பழகிவிடுவார்கள், அப்புறம் மெதுவாகக் கட்டணம் வைக்கலாம். போட்டி இல்லாத ஊரில் நாம் வைத்ததுதானே விலை?

எந்தக் கேள்வியில் அவள் கல்யாணமே உடைந்ததோ, அதே கேள்வியில் எர்மெக்கின் பதிலை எடுத்துக்கொள்ளச் சொல்கிறான். புருல் மறுத்திருக்கலாம். மறுக்கவில்லை. அவனுடைய வாடிக்கைக்காரிகள் வாயால், அக்தெரெக் உச்சாரைவிட நல்ல கடை என்று ஒரு முறையாவது கேட்க வேண்டும் என்று அவளுக்கு இருந்தது. லாபம், கணக்கு எல்லாம் அதற்குப் பின்னால்தான். இதை அவள் சுங்கத்திடம் சொல்லவில்லை. கடைக்கு நல்லது என்றுதான் சொன்னாள்.

ஆர்டர்கள் கொட்டின. தையல் பட்டறைகளுக்குப் போன் போட்டுக் கெஞ்ச வேண்டியிருந்தது. டெலிவரிக்கு ஆள் போதாமல் எர்மெக்கின் பழைய ஓட்டுநர்களையே வேலைக்கு எடுத்தாள். சுங்கத் தினம் ஒரு கைதட்டல் படம் அனுப்பினான். புருலால் நாற்காலியில் உட்கார முடியவில்லை. சட்டங்களுக்கு நடுவே நடப்பாள், போனைப் பார்ப்பாள், மறுபடி நடப்பாள். ஜெயித்தவளுக்கு இப்படியா இருக்கும் என்று தோன்றும். தினமும் காலையில் திறந்து பார்க்க ஒரு பக்கம் இல்லாமல் போனதால் வந்த குறுகுறுப்பு என்று நினைத்துக்கொண்டாள். எதிரி செத்துப்போனால் காலைப்பொழுதில் ஒரு ஓட்டை விழுந்துவிடுகிறது.

பிறகு திங்கட்கிழமைகள் வந்தன.

கிடங்கின் பின்பக்கத்தில் ரிட்டர்ன் மேஜை. அங்கே தமாரா எஜே, அதாவது தமாரா அக்கா, உட்காருவாள். பள்ளிக்கூட உணவகத்தில் பல வருடம் வேலை செய்துவிட்டு இங்கே வந்தவள். அக்தெரெக்கில் அவளுக்குப் பயப்படாதவர்கள் கிடையாது, புருல் உட்பட. முன்பெல்லாம் திங்கட்கிழமை அவள் மேஜையில் ஒரு சின்னக் குவியல் இருக்கும். இப்போது மேஜையே தெரியவில்லை.

"எஜே, எல்லாம் அளவு சரியில்லன்னு வந்ததா?"

"அளவு சரியாத்தான் இருந்திருக்கு," என்றாள் தமாரா எஜே. "மோந்து பாரு."

புருல் ஒரு நீல ஆடையை முகர்ந்து பார்த்தாள். விறகுப் புகை. வெங்காயம். ஆட்டுக் கொழுப்பு. அதன் மேல் யாரோ தாராளமாக அடித்த வாசனைத் தண்ணீர். தமாரா எஜே ஒரு மேல்கோட்டின் பையில் கைவிட்டு, காகிதக் கைக்குட்டையில் சுற்றிய ஒன்றை எடுத்து மேஜையில் வைத்தாள். குதிரைக் கறிச் சுருளில் இரண்டு துண்டு, எண்ணெயில் பொரித்த போர்சோக் ரொட்டியில் பாதி, ஒரு மிட்டாய். விருந்துக்குப் போனால் வரும்போது மேஜையில் இருப்பதில் கொஞ்சம் வீட்டுக்கு எடுத்து வருவது எல்லாருக்கும் வழக்கம்தான். இந்தப் பெண் எடுத்து வந்ததை மறந்துவிட்டுக் கோட்டைத் திருப்பி அனுப்பிவிட்டாள்.

"கறியையாவது எடுத்துக்கிட்டு அனுப்பியிருக்கலாம்," என்றாள் புருல்.

"நல்ல கறி," என்றாள் தமாரா எஜே. மிட்டாயை உரித்து வாயில் போட்டுக்கொண்டாள்.

ஏதோ சிலர் அப்படித்தான் என்று புருல் சொல்லிப் பார்த்தாள். தமாரா எஜே அடுத்ததை எடுத்தாள். ஆவி இஸ்திரிகள் நாளெல்லாம் ஓடின. கறை போகாதது சலவைக்குப் போனது. சலவையிலிருந்து வந்தது பளபளப்பு இழந்து பாதி விலைக்குப் போனது. வெள்ளிக்கிழமை போய், திங்கட்கிழமை வந்து, மறுபடி வெள்ளிக்கிழமை போனது. ஒவ்வொரு பயணத்துக்கும் பெட்ரோல் அக்தெரெக்குடையது. சுங்கத் இன்னும் கைதட்டிக்கொண்டிருந்தான். அவன் பார்ப்பது போன பொட்டலங்களை. வந்ததைப் பார்க்க அவனுக்கு இன்னும் நேரம் வரவில்லை. வரும் என்று புருலுக்குத் தெரியும். கணக்கை முடிந்தவரை அவள் திறக்காமலே இருந்தாள்.

அப்போதுதான் காரா-பால்டாவில் ஷைலோ பெரியம்மா மகனின் கல்யாணம் வந்தது. கிடங்கிலிருந்து நேரே கிளம்ப வேண்டியிருந்தது. புருல் கையில் அகப்பட்ட ஒரு கரும்பச்சை ஆடையைச் சட்டத்திலிருந்து உருவி, கழிவறையில் மாற்றிக்கொண்டு, தலையை வாரிக்கொண்டு வண்டி ஏறினாள்.

மண்டபத்தில் அவளைப் பெண் வீட்டுச் சம்பந்திகளுக்கு எதிரே உட்கார வைத்தார்கள். மைக் பிடித்தவன் ஒவ்வொரு குடும்பமாக எழுப்பி வாழ்த்துச் சொல்ல வைத்துக்கொண்டிருந்தான். மணப்பெண்ணின் சித்தி எழுந்தாள். வெள்ளி ஜரிகை வைத்த சாம்பல் நிற ஆடை. புருலுக்கு அந்த ஆடையைத் தெரியும். போன வாரம் தமாரா எஜேயின் மேஜையில் இருந்தது. சித்தி குனிந்து மணமக்களை முத்தமிட்டபோது கழுத்துக்குப் பின்னாலிருந்து ஒரு பச்சை அட்டை இலை எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனது.

அதன் பிறகு அவளுக்கு வேறு எதுவும் கண்ணில் படவில்லை. ஆட்டம் தொடங்கியது. கை தூக்கும்போது ஒரு இலை. தலை சாய்க்கும்போது ஒரு இலை. ஒருத்தி பின் குத்தி மறைத்திருந்தாள், ஒருத்தி சால்வை போட்டிருந்தாள், ஒருத்தி மறைக்கவே கவலைப்படவில்லை. மணமகனின் தாயான ஷைலோ பெரியம்மாவே அக்தெரெக்கின் ஊதா நிறத்தில் நின்று எல்லோரையும் சாப்பிடச் சொல்லி உபசரித்துக்கொண்டிருந்தாள். புருலின் கிடங்கு மொத்தமும் அந்த மண்டபத்தில் ஆடிக்கொண்டிருந்தது. எழுந்து போய் என்ன சொல்வது? சம்பந்தி வீட்டுப் பெண்ணின் கழுத்தில் கை வைத்தால் இரண்டு குடும்பங்களும் ஏழு தலைமுறைக்குப் பேசும். எல்லோர் போனிலும் எல்லோருடைய படமும் இருக்கிறது. போன விருந்தில் போட்டதை இந்த விருந்தில் எவளும் போட முடியாது. பருவத்தில் வாரத்துக்கு ஒரு விருந்து. எந்தச் சம்பளத்தில் வாரத்துக்கு ஒரு ஆடை வாங்குவது? புருல் இதை முன்பே யோசித்திருக்க வேண்டும். இந்த ஊரில் பிறந்தவள்தானே.

காற்று வேண்டும் என்று பின்பக்கம் போனாள். சமையல் கொப்பரைகளின் அருகே எர்மெக் நின்று புகைத்துக்கொண்டிருந்தான். விவாகரத்து ஆனாலும் பெரியம்மா வீட்டில் அவனுக்கு அழைப்பு நின்றதில்லை. பெரியப்பாவோடு மீன் பிடிக்கப் போகிறவன்.

"எண்ணிட்டியா?" என்றான்.

"எதை?"

"உள்ள எத்தனை இலைன்னு."

அவன் சிகரெட்டை வாங்கி அவள் ஒரு இழுப்பு இழுத்தாள். நிறுத்திப் பல வருடம் ஆயிற்று. "உனக்கு முன்னாடியே தெரியும்."

"திங்கக்கிழமையானா என் கிடங்கு கல்யாண மண்டபம் மாதிரி மணக்கும். தெரியாம இருக்குமா?"

"அப்ப நிறுத்தித் தொலைச்சிருக்கலாமே."

"நிறுத்தினா எல்லாரும் உங்கிட்ட வந்துடுவாங்க. நீ ஜெயிச்சிடுவேன்னு பயம்." சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்தினான். "நான் உன் வியாபாரத்தைத் தின்னுட்டேன்னு ஊரெல்லாம் சொன்னியே. நான் தின்னது உன் நஷ்டத்துல பாதி, புருல். ஓசியில போட்டுக்கிட்டுப் போறவ எல்லாம் எங்கிட்ட வந்தா. நிஜமா வாங்குறவதான் உன் ஆளு முன்னாடி கால் மணி நேரம் நின்னா. இப்ப நான் இல்ல. மொத்தமும் உனக்கு."

"நல்லவங்க எங்கிட்ட இருந்தாங்கன்னா எனக்கு மட்டும் ஏன் நஷ்டம்?"

"நான் ஒரு தள்ளுபடி போட்டா நீ ரெண்டு போட்டே. யாரு போடச் சொன்னா?"

கொப்பரைக்காரன் மூடியைத் திறந்தான். ஆவி இருவர் மேலும் படிந்தது. எர்மெக் கிளம்பினான். போகிற போக்கில் குரலைத் தாழ்த்திச் சொன்னான்.

"அப்புறம், உன் கழுத்துக்குப் பின்னாடி நூல் தெரியுது. உள்ள தள்ளிக்க."

புருலின் கை தானாகப் பின்னால் போனது. இலை இருந்தது. திங்கட்கிழமை சட்டத்தில் மாட்டிவிடலாம் என்றுதான் அவளும் உருவியிருந்தாள். யோசித்துச் செய்ததில்லை. மற்றவர்களும் யோசித்துச் செய்திருக்க மாட்டார்கள். நூலை இழுத்தாள். அறுபடவில்லை. நல்ல நூல், அவளே பார்த்து வாங்கியது. கடைசியில் பல்லால் கடித்து அறுத்து, இலையைக் கொப்பரையின் கீழ் நெருப்பில் போட்டாள். திங்கட்கிழமை அந்த ஆடையின் விலையைத் தன் சம்பளத்தில் கழித்துக்கொண்டாள். அந்தப் பருவத்தில் ஒழுங்காக விற்ற ஆடைகளில் அது ஒன்று.

அதே திங்கட்கிழமை சுங்கத்திடம் சொன்னாள். மூன்று நாள் இனிமேல் கிடையாது. பழையபடி கால் மணி நேரம், வாசலில். தள்ளுபடியும் கிடையாது. சுங்கத் பச்சைச் சாற்றைக் கீழே வைத்தான். வளர்ச்சி போய்விடும் என்றான். வயிற்றுப் பூச்சியும்தான் வளரும் என்று புருல் சொன்னாள். அவன் சிரிக்கவில்லை. ஊரில் போட்டியே இல்லாதபோது வளராத கடையில் எங்களுக்கு என்ன வேலை எஜே என்று மரியாதையாகக் கேட்டான். அடுத்த வாரம் நேரில் வந்தான், கிடங்கைச் சுற்றிப் பார்த்தான், ரிட்டர்ன் மேஜையின் அருகே மூக்கைச் சுளித்தான். பனி விழும்வரை காத்திருக்கத் தேவையில்லை என்று அல்மாட்டியில் முடிவாகிவிட்டது. மூடுவதற்கும் செலவு இருக்கிறது, அதனால் மூடும் வேலையை அவளிடமே விட்டுவிடுவது அவர்களுக்கு மலிவு. கடை உங்களுடையது, வாடகையும் உங்களுடையது என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனான்.

புருல் பாதிப் பேரை அனுப்பினாள். அழுதவர்களும் உண்டு, திட்டியவர்களும் உண்டு. சம்பளத்தைத் தீர்த்துக் கொடுத்தாள், மன்னிப்புக் கேட்கவில்லை. மன்னிப்பை வைத்துக்கொண்டு அவர்கள் என்ன செய்வார்கள்? எர்மெக்கின் பழைய ஓட்டுநர்களும் போனார்கள். தமாரா எஜே போக மறுத்தாள். என்னை அனுப்பிவிட்டு உன்னால் தைரியமாகப் பின்கதவு வழியே வர முடியுமா என்று கேட்டாள். முடியாது என்று புருலுக்கே தெரியும்.

மாதக் கடைசியில் வாடகை கொடுக்க வருமா, வராதா என்பது மட்டும்தான் இப்போது கேள்வி. வந்தால் கடை உண்டு. வராவிட்டால் கிடங்கின் சொந்தக்காரன் பூட்டுப் போடுவான்.

வராது போலத்தான் இருந்தது. மூன்று நாளை எடுத்த பிறகும் விருந்துப் பெண்கள் போகவில்லை. போவதற்கு வேறு கடை எது? ஐந்து ஆடைகளுக்கு ஆர்டர் கொடுத்தார்கள். டெலிவரி ஆள் வாசலில் நிற்க, உள்ளே ஐந்தையும் மாற்றி மாற்றிப் போட்டு, மைத்துனியை விட்டுப் படம் எடுத்து, ஐந்தையும் திருப்பிக் கொடுத்தார்கள். படம் எல்லோர் போனுக்கும் போய்விட்டால் போதும், விருந்துக்குப் போன மாதிரிதான். சிலர் டெலிவரி ஆளை உள்ளே கூப்பிட்டுத் தேநீரும் ரொட்டியும் ஜாமும் வைத்து உட்கார வைத்தார்கள். சாப்பிடக் கொடுத்தவர்களிடம் நேரம் ஆயிற்று என்று எவன் சொல்வான்? கால் மணி நேரம் அரை நாளாயிற்று. ஷைலோ பெரியம்மா போன் செய்து, சம்பந்தி வீட்டில் நாளைக்கு விருந்து, மெரூன் நிறம் ஒன்று அனுப்பு, திங்கட்கிழமை இஸ்திரி போட்டே தருகிறேன் என்றாள். முடியாது என்றாள் புருல். அல்மாட்டிக்காரன் பணத்தில் போட்டுக்கொண்டால் உனக்கு என்னடி வலிக்கிறது என்று பெரியம்மா கேட்டாள். இப்போது அது என் பணம் என்றாள். பெரியம்மா பேச்சை நிறுத்திவிட்டாள். குடும்பத்தின் வாட்ஸ்அப் குழுவில் புருல் எது போட்டாலும் யாரும் பார்க்காத மாதிரி இருந்தார்கள்.

போட்டி இல்லாத ஊரில் தனியாக நிற்பது எப்படி இருக்கும் என்று ஆறு வருடம் கற்பனை செய்திருக்கிறாள். ஊரின் மொத்த ஓசியும் ஒரே வாசலில் வந்து நிற்கும் என்பது மட்டும் கற்பனையில் வந்ததில்லை. கிடங்கில் நடந்துகொண்டே இருந்தாள். நடந்து நடந்து ஒரு செருப்பின் அடி கழன்றது.

அக்டோபர் நடுவில் ஒரு காலை, பழக்க தோஷத்தில் உச்சாரின் பக்கத்தைத் திறந்தாள். வெள்ளைத் திரை இல்லை. புதுப் பெயர், புது நிறம், பெரிய எழுத்தில் ஏழு நாள்: ஏழு நாள் உங்களிடமே இருக்கட்டும், பிடிக்காவிட்டால் நாங்களே வந்து எடுத்துக்கொள்கிறோம், எல்லாம் இலவசம். அடுப்பில் தண்ணீர் கொதித்து வற்றும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு போன் வந்தது. எர்மெக்.

"பார்த்தியா?"

"யாரு பணம்?"

"சுங்கத்தோடது. அவங்க ஆளுங்கதான். ஊர்ல போட்டி இல்ல, கடை இருந்தா ஜெயிச்சிடலாம்னு யாரோ அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருக்காங்க. என்னைத் தலைவரா போட்டிருக்கான்."

"அவன்கிட்ட நீ உண்மையைச் சொல்லலியா?"

"சொன்னேன். பொறாமைன்னு நினைச்சான்."

அவள் போனை வைத்துவிட்டாள். அன்று காலை ஒரு பழைய வெறி அவளைப் பிடித்து உலுக்கியது. ஏழு நாளுக்குப் பதில் பத்து நாள் போடு, தள்ளுபடி போடு, அவனை நசுக்கு என்றது. கிடங்குக்குப் போய்க் கணினி முன் உட்கார்ந்து எண்களைத் தட்டக்கூடச் செய்தாள். தமாரா எஜே பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"என்ன, மறுபடியும் புகை மோந்து பாக்கணுமா?"

புருல் தட்டியதை அழித்தாள். கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

ஒரு வாரத்தில் ஆர்டர்கள் பாதியாயின. அடுத்த வாரம் இன்னும் இறங்கின. டெலிவரி ஆட்கள் தேநீர் குடிக்காமல் திரும்பி வந்தார்கள். கொடுத்தது கொடுத்ததாகவே இருந்தது. மிஞ்சியது அலுவலகத்துக்குப் போகிற பெண்கள், பள்ளி ஆசிரியைகள், மகளுக்குப் பட்டமளிப்பு விழா என்று கேட்பவர்கள். ஒரு ஆடையை எடுத்தால் அதையே இரண்டு வருடம் போடப் போகிறவர்கள். அவர்களுக்கு ஏழு நாள் தேவைப்படவில்லை. கண்ணாடி முன் கால் மணி நேரம் போதுமாக இருந்தது. ரிட்டர்ன் மேஜையின் பலகை பல மாதத்துக்குப் பிறகு வெளியே தெரிந்தது. தமாரா எஜே அதில் கால் நீட்டி உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொறித்தாள்.

மாதக் கடைசியில் புருல் கணக்கைத் திறந்தாள். வாடகை போய், சம்பளம் போய், பெட்ரோல் போய், கொஞ்சம் மிஞ்சியிருந்தது. பெரிய தொகை இல்லை. எல்லோருக்கும் சம்சா வாங்கலாம், கூட ஒரு ஜோடி செருப்பு வாங்கலாம். ஆறு வருடத்தில் முதல் முறை. மூன்று தடவை கூட்டிப் பார்த்தாள். சந்தோஷப்பட உட்கார்ந்தாள். வரவில்லை. எழுந்து நடக்கத் தொடங்கினாள்.

அன்று மதியம் ஷைலோ பெரியம்மா போன் செய்தாள். கோபத்துக்காக விருந்து நிற்குமா? மைத்துனர் பேரனுக்குத் தொட்டில் விருந்து, நீலம் ஏதாவது இருக்கிறதா, இல்லை இன்னும் அதே பிடிவாதமா என்று கேட்டாள்.

"இருங்க, ஒரு எண் தர்றேன். எழுதிக்குங்க," என்றாள் புருல். "ஏழு நாள் வெச்சுக்கலாம். அவங்களே வந்து எடுத்துக்குவாங்க. உங்க சம்பந்தி வீட்டுக்கும் சொல்லுங்க."

"யாரு அவங்க? நல்லவங்களா?"

"ரொம்ப நல்லவங்க. எர்மெக்தான் பார்த்துக்கிறான்."

நீங்கள் இரண்டு பேரும் மறுபடி சேர்ந்துவிட்டீர்களா என்று பெரியம்மா மெதுவாகக் கேட்டாள். அப்படியும் சொல்லலாம் என்றாள் புருல்.

பிறகு அவளே எர்மெக்கைக் கூப்பிட்டாள். சுங்கத்தின் பணம் எவ்வளவு நாள் தாங்கும் என்று கேட்டாள். இரண்டு வருடம் என்று அவன் சொல்கிறான், அடுத்த இலையுதிர்காலம் வரை என்று எனக்குப் படுகிறது என்றான் எர்மெக். போனில் அவனுக்குப் பின்னால் புது ஆவி இஸ்திரிகளின் சீறல் கேட்டது. திங்கட்கிழமை.

"அதுக்கு முன்னாடி விழுந்துடாதே," என்றாள்.

"உனக்காகவா?"

"எனக்காகத்தான்."

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

நவம்பர் முதல் வாரத்தில் பனி விழுந்தது. காலையில் கண் விழித்ததும் புருல் போனை எடுத்து எர்மெக்கின் பக்கத்தைத் திறந்தாள். இருந்தது. புது வரவு போட்டிருந்தான், புதுத் தள்ளுபடி போட்டிருந்தான். உயிரோடுதான் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டாள். தேநீருக்குத் தண்ணீர் வைத்துவிட்டு, அது கொதிப்பதற்குள் இன்னொரு முறை திறந்து பார்த்தாள்.